முதல் ஐதரசன் பஸ் மலைக்கு வரட்டும்: எரிபொருட் கலப் போக்குவரத்தைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மின்சக்தி, போக்குவரத்துத் துறைகளில் ஐதரசன் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும் அவர்களுக்கு ஆலோசனை கூறும் நிபுணர்களுக்கும்,

ஐதரசனிலிருந்து மின்சாரம் பிறப்பிக்கும் எரிபொருட் கலத்தில் ஓடும் வாகனங்களை இலங்கையில் பரீட்சித்துப் பார்ப்பது தொடர்பாகக் கொழும்பில் நடந்த கலந்துரையாடல் ஒன்றில், ஹட்டன் பகுதி ஆசிரியர்கள் சிலருடன் நானும் கலந்துகொண்டேன். முதற்கட்டத்துக்குப் பொருத்தமான வழித்தடங்கள் என்று அங்கே திரையில் காட்டப்பட்டவை யாவும் தலைநகரையும் கரையோரத்தையும் சேர்ந்தவையாக இருந்தன. மலைநாட்டின் ஒரு பாதையேனும் ஏன் இல்லை என்று நாங்கள் கேட்டபோது, மலைப்பாதைகள் சிக்கலானவை, அவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்ற பதில் மட்டுமே கிடைத்தது. பகிரப்பட்ட ஆவணங்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தன. தமிழில் ஒரு பக்கமும் இருக்கவில்லை. அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு மௌனமாக இருக்க என்னால் முடியாது. பாடசாலையில் பொறியியல் தொழினுட்பவியல் கற்பிப்பவன் என்ற முறையிலும், இந்த மலைப்பாதைகளில் வாழ்நாள் முழுவதும் பயணம் செய்துவருபவன் என்ற முறையிலும், அந்த முடிவு தொழினுட்ப அடிப்படையில் தலைகீழானது என்பதையும் நீதியின் அடிப்படையில் பிழையானது என்பதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

பின்னர் என்ற சொல் மலையகத்துக்குப் புதியதன்று. நீர்மின்சாரத்தின் சாத்தியத்தைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்தார். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்பு காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, கொத்மலை, விக்டோரியா என அணைகள் எழுந்தன. 2012இல் 150 மெகாவாற்று ஆற்றலுடன் மேல் கொத்மலையும் சேர்ந்துகொண்டது. மலையக ஆறுகளின் நீரும் அவை ஓடும் பள்ளத்தாக்குகளும் நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தன. உயரழுத்தக் கம்பிகள் தலைக்கு மேலே சென்ற தோட்டங்களிலேயே மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அடுத்த எரிபொருள் நாட்டுக்குள் வரும்போது அதே வரிசையில், அதே கடைசி இடத்தில் நிற்க நாங்கள் ஆயத்தமாக இல்லை.

முதலில் எங்கள் பாதைகளின் நிலையைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ ஹட்டனுக்குப் புறப்படும் பஸ்கள் பல, வேறு மாவட்டங்களில் நீண்ட காலம் ஓடித் தேய்ந்த பின்னர் இங்கே வந்து சேர்ந்தவை. கொள்ளளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு, முதலாம் கியரில் வளைவு வளைவாக ஏறும் அந்த வண்டிகளின் கரும்புகை எங்கும் போய்விடுவதில்லை. மலைச் சரிவும் மூடுபனியும் அதைத் தடுத்து வைத்திருக்கின்றன. பாதையோரத்திலேயே லயன்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருக்கின்றன. அவற்றின் வாசல்களில் பிள்ளைகள் பாடசாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் இடங்களும் பெரும்பாலும் பாதையோரத்தில்தான் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. கண்டி நகரைச் சூழ்ந்த மலைகள் வாகனப் புகையைக் கிண்ணம்போல் தேக்கி வைத்திருப்பது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. சிறிய மலை நகரங்களில் நடப்பதும் அதுவே. ஆனால் ஹட்டன் பஸ் தரிப்பிடத்திலும் தலவாக்கலை நகரிலும் காற்றின் தரத்தை நிரந்தரமாக அளந்து மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு எதையும் நான் கண்டதில்லை. அளக்கப்படாத புகை உங்கள் அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை; இடம்பெறாத காரணத்தால் எங்கள் பாதைகள் முன்னுரிமைப் பட்டியலுக்கும் வருவதில்லை.

புகையைவிடப் பெரிய பிரச்சினை, எங்கள் எரிபொருள் முழுவதும் கீழேயிருந்து வருகிறது என்பது. 2022இல் டீசல் லீற்றர் 460 ரூபாயைத் தொட்டது. அந்த விலைக்கும் அது கிடைக்காமற்போனபோது மலைநாடு மற்றைய இடங்களைவிட முன்னதாக நின்றுபோனது. அந்த ஆண்டு மே மாதம் நடந்த சாதாரண தரப் பரீட்சைக்கு என் மாணவர்கள் மலைச் சரிவுகளில் கால்நடையாக வந்தார்கள். சமவெளியில் ஐந்து கிலோமீற்றர் நடப்பதும், மழையில் நானூறு மீட்டர் உயரம் இறங்கி ஏறி ஐந்து கிலோமீற்றர் நடப்பதும் ஒன்றல்ல. சைக்கிள் என்ற மாற்றுவழி இங்கே கிடையாது. தோட்ட வைத்திய நிலையத்திலிருந்து ஆதார வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டுசெல்ல ஒரு கான் டீசல் தேடி வீடு வீடாக அலைந்தவர்களை நான் அறிவேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அதே பாடத்தை இன்னும் கொடிய முறையில் கற்பித்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் குடும்பங்களையே மூடின. பாதைகள் அறுந்தன, மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் சிதைந்தது. எரிபொருள் ஏற்றிவரும் பவுசர்கள் மேலே வர முடியாதபோது, பாதை திறந்திருந்த பகுதிகளிலும் வாகனங்கள் அசையாமல் நின்றன. ஓடுவதற்கு வேண்டிய சக்தி, அருவிகளாக அதே மலைகளில் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சக்தியை உள்ளூரிலேயே எரிபொருளாக மாற்றிச் சேமித்து வைக்கும் ஏற்பாடுதான் எங்களிடம் இருக்கவில்லை.

எரிபொருட் கலம் இந்த இடத்தில்தான் எங்களுக்குப் பொருந்துகிறது. அதன் கொள்கையை வில்லியம் குரோவ் 1839இலேயே செய்து காட்டினார். ஒரு பக்கம் ஐதரசன், மறுபக்கம் வளியிலுள்ள ஒட்சிசன், இடையில் ஒரு மென்படலம். பிளாற்றின ஊக்கியின் மேல் ஐதரசன் இலத்திரன்களை இழக்கிறது. புரோத்தன்கள் மென்படலத்தின் ஊடாகவும் இலத்திரன்கள் வெளிச்சுற்றின் ஊடாகவும் சென்று மறுபக்கத்தில் ஒட்சிசனுடன் சேர்கின்றன. வெளிச்சுற்றில் ஓடும் அந்த இலத்திரன்களே மோட்டாரை இயக்கும் மின்சாரம். புகைக்குழாயில் வருவது நீராவி. எரிதல் நடைபெறுவதில்லை, ஆகையால் புகைக்கரியும் இல்லை, நைதரசன் ஒட்சைட்டும் இல்லை. ஒரு கிலோ ஐதரசனில் ஏறத்தாழ 33 அலகு மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. எரிபொருட் கலம் அதில் பாதியையோ அதைவிடச் சற்று அதிகத்தையோ மின்சாரமாக மாற்றித் தருகிறது.

பற்றரி பஸ் இருக்கும்போது இது எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. குறுந்தூர வண்டிகளுக்கும் முச்சக்கரவண்டிகளுக்கும் நகருக்குள் ஓடும் வான்களுக்கும் பற்றரியே சிறந்தது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மின்சாரத்தை நேரடியாகப் பற்றரியில் ஏற்றினால் அதில் மிகப் பெரும்பங்கு சக்கரத்தை அடைகிறது. ஐதரசனாக மாற்றி, அழுத்தி, மீண்டும் மின்சாரமாக்கினால் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மிஞ்சுகிறது. ஆனால் பதுளையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 230 கிலோமீற்றர் ஓடித் திரும்ப வேண்டிய, நிறையப் பயணிகளுடன் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டிய பஸ்ஸுக்கு இடைவழியில் மின்னேற்றாமல் ஓடப் பற்றரி வைத்தால், அந்தப் பற்றரியே மூன்று தொன்னுக்கு மேல் எடை கொள்ளும். அந்த எடையை ஒவ்வொரு ஏற்றத்திலும் தூக்கிச் செல்ல வேண்டும். ஒடுங்கிய பாதைகளும் பழைய பாலங்களும் அதைத் தாங்க வேண்டும். அதே தூரத்துக்கு வேண்டிய ஐதரசன் 40 கிலோ அளவில் அடங்கிவிடும். 350 பார் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 350 மடங்கில், அதைக் கொள்ளும் தொட்டிகளையும் சேர்த்து ஒரு தொன்னுக்குள் முடிந்துவிடும். நிரப்புவதற்குப் பத்து நிமிடம் அளவு போதும். கொழும்புத் தேயிலை ஏல விற்பனைக்குத் தூள் ஏற்றிச் செல்லும் லொறிகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஆகவே மலைப்பாதை சிக்கலானது என்பதால் பின்னுக்குத் தள்ளப்பட வேண்டியதன்று. இந்தத் தொழினுட்பத்தின் உண்மையான பயன் வெளிப்படும் இடமே மலைப்பாதைதான். சமவெளியில் பற்றரி வென்றுவிடும் ஒரு வழித்தடத்தில் ஐதரசன் பஸ்ஸை ஓட்டிப் பார்த்துவிட்டு, இது இலாபமற்றது என்று முடிவெழுதி மூடிவிடுவீர்களோ என்பதே என் அச்சம்.

இறக்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய பாதையில் மற்றொரு பஸ் விழுந்து பதினைந்து பேர் இறந்தார்கள். அந்த விபத்துகளின் காரணங்களைப் பற்றி நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பாதை ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தை இழக்கிறது என்பதும், அத்தகைய இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும் என்பதும் இங்கே ஒவ்வொரு சாரதிக்கும் தெரியும். 12 தொன் எடையுள்ள பஸ் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது, உயரத்தால் பெற்றிருந்த சக்தியாக ஏறக்குறைய 33 அலகு வெளிப்படுகிறது. டீசல் பஸ்ஸில் அதில் ஒரு துளியும் மீள்வதில்லை. பெரும்பகுதி பிரேக் டிரம்மில் வெப்பமாகிறது. மின்மோட்டாரில் ஓடும் பஸ்ஸில், மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி வண்டியைத் தடுத்துக்கொண்டு அந்தச் சக்தியின் பெரும்பகுதியைப் பற்றரிக்குத் திருப்புகிறது. எரிபொருட் கல பஸ்ஸிலுள்ள துணைப் பற்றரி சிறியது என்பதால் நீண்ட இறக்கத்தில் அது நிரம்பிவிடும். நிரம்பிய பின் தடுக்கும் ஆற்றல் குறையாதிருக்க, மிகுதி மின்சாரத்தை வெப்பமாக்கி வெளியேற்றும் தடையிகளும் பிரேக்கைத் தேய்க்காமல் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தனியான ரிட்டார்டரும் வண்டியில் இருக்க வேண்டும். சமவெளிக்காக வடிவமைக்கப்பட்ட பஸ்ஸை அப்படியே வாங்கி மலைக்கு அனுப்பினால் இது கவனிக்கப்படாமற்போகும். கொள்வனவு விவரக்குறிப்பை எழுதுவதற்கு முன்பே மலைப்பாதையை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே வளி ஐதாக இருப்பதால் எரிபொருட் கலத்துக்கு வளியைத் தள்ளும் அமுக்கியின் அளவும் அதற்கேற்பத் தெரிவுசெய்யப்பட வேண்டும்.

உயரத்தில் இது இயங்காது என்று எவரும் சொல்ல முடியாது. இந்தியாவின் லடாக் பகுதியில் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில், சூரிய மின்சாரத்தால் நாளொன்றுக்கு 80 கிலோ ஐதரசன் தயாரிக்கும் நிலையமும் ஐந்து எரிபொருட் கல பஸ்களும் கொண்ட திட்டத்தை இந்தியாவின் தேசிய அனல்மின் கழகம் நிறுவியது. அந்த பஸ்களை வழங்கியது அசோக் லேலண்ட். அந்தப் பெயரை எங்கள் பஸ் கராஜ்களில் அறியாதவர் இல்லை. லேலண்ட் வண்டியைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கைகள் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் நிறைய இருக்கின்றன. குளிரும் ஐதான வளியும் எங்களைவிடப் பன்மடங்கு கடினமான ஓர் இடத்தை அயல்நாடு தன் பரீட்சைக் களமாகத் தெரிந்தெடுத்திருக்கும்போது, எங்கள் அதிகாரிகள் 1,270 மீட்டர் உயரமுள்ள ஹட்டனைச் சிக்கல் என்கிறார்கள்.

புகையிரதத்தைப் பற்றிய என் வாதம் இன்னும் உறுதியானது. கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறக்குறைய 290 கிலோமீற்றர். 1924இல் பதுளையை அடைந்த அந்தப் பாதை, 44 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் செங்குத்தான ஏற்றங்களுடன் பட்டிப்பொலவில் 1,898 மீட்டரைத் தொடுகிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் அதில் இருக்கின்றன. சிங்கமலைச் சுரங்கத்தினுள் டீசல் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள பெட்டிகளில் அமர்ந்து கைக்குட்டையால் மூக்கை மூடாதவர் எவரும் இப்பகுதியில் இல்லை. மேலே மின்கம்பி இழுக்க வேண்டுமானால் அந்தக் குறுகிய சுரங்கங்களில் இடைவெளி ஏற்படுத்த வேண்டும், தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் கம்பங்கள் நட வேண்டும். எரிபொருட் கலப் புகையிரதத்துக்கு இவை தேவையில்லை. இந்திய ரயில்வே, பாரம்பரிய வழித்தடங்களுக்கும் மலை வழித்தடங்களுக்குமென்றே 35 ஐதரசன் தொடருந்துகளை இயக்கும் திட்டத்தை 2023இல் அறிவித்தது. முதலாவது பரீட்சைக்காக ஹரியானாவின் ஜிந்த் – சோனிபத் பாதையைத் தெரிந்தெடுத்து, சென்னை இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் பெட்டிகளைத் தயாரித்தது. டித்வாவுக்குப் பின் சிதைந்த பாதையை மீளக் கட்டும் இந்த வேளையில், அடுத்த தலைமுறை வண்டிக்கு வேண்டிய நிரப்பு நிலையத்துக்கான நிலத்தை நானுஓயாவிலோ பதுளையிலோ ஒதுக்கி வைப்பது பெருஞ்செலவு அன்று. இப்போது ஒதுக்காவிட்டால் நாளை நிலம் இல்லை என்பீர்கள்.

இத்தொழினுட்பத்துக்கு எதிரான சான்றுகளையும் நான் அறிவேன். பிரான்சின் மொன்பெலியே நகரம் 51 ஐதரசன் பஸ்களை வாங்கும் திட்டத்தை, ஓட்டச் செலவு பற்றரி பஸ்ஸைவிட ஆறு மடங்கு வரும் என்று கண்டு 2022இல் கைவிட்டது. ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலம் 2018இல் உலகின் முதலாவது ஐதரசன் பயணிகள் புகையிரதத்தைச் சேவையில் ஈடுபடுத்தி, 2022இல் பதினான்கு வண்டிகளால் ஒரு பாதை முழுவதையும் இயக்கியது. ஆனால் மறு ஆண்டிலேயே இனி வாங்கப்போவது பற்றரி வண்டிகள் என்று அறிவித்தது. இந்த இரண்டும் பெரும்பாலும் சமதரையான பிரதேசங்கள், எங்கும் மின்சாரம் எட்டும் இடங்கள். அங்கே பற்றரி வெல்வது எதிர்பார்க்கக்கூடியதே. மலைநாட்டுக்கு இது வேண்டாம் என்பதற்கு அவற்றைச் சான்றாகக் காட்டுவதற்கு முன், எங்கள் பாதையில் அளந்து பாருங்கள். அளந்த பின்பும் பற்றரியே வெல்கிறது என்றால் பற்றரி பஸ்ஸைத் தாருங்கள், அதை மறுக்கும் பிடிவாதம் எனக்கு இல்லை. அளக்காமலே ஒதுக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஐதரசன் எங்கிருந்து வருகிறது என்பதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. உலகில் இன்று தயாரிக்கப்படும் ஐதரசனில் மிகப் பெரும்பங்கு இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. வகுப்பில் என் மாணவர்கள் செய்த கணக்கு ஒன்றை இங்கே தருகிறேன். மலைப்பாதையில் நூறு கிலோமீற்றர் ஓட ஒரு பஸ்ஸுக்கு 35 லீற்றர் டீசல் வேண்டும் என்று கொண்டால், வெளியேறும் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 94 கிலோ. அதே தூரத்துக்கு 9 கிலோ ஐதரசன் வேண்டும் என்றும், மின்பகுப்பால், அதாவது மின்சாரத்தால் நீரைப் பிரித்து, ஒரு கிலோ பெறவும் அதை அழுத்தவும் 55 அலகு செலவாகும் என்றும் கொண்டால் 495 அலகு தேவை. நிலக்கரி மின்சாரம் அலகொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டை வெளியிடுகிறது. அப்படியானால் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மின்சாரத்தில் பிரித்த ஐதரசன், டீசலைவிட ஐந்து மடங்கு கேடானது. ஆகவே தேசிய மின்தொகுதியிலிருந்து எந்நேரமும் மின்சாரம் எடுத்து இயங்கும் மின்பகுப்பு நிலையத்தைச் சுத்தமான போக்குவரத்து என்ற பெயரில் தொடங்கினால், முதலில் எதிர்ப்பவர்களில் நானும் ஒருவனாக இருப்பேன்.

ஆனால் வீணாகும் மின்சாரம் நம்மிடம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, மின்தேவை குறைந்திருந்த பகல் வேளைகளில் கூரைச் சூரியக் கலங்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. நண்பகல் வெயிலில் பிறக்கும் மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் நிறுத்திவைத்துவிட்டு, அதே நாளில் வெளிநாட்டு நாணயத்தைக் கொடுத்து டீசல் இறக்குமதி செய்கிறோம். மழைக்காலங்களில் சிறு நீர்மின்நிலையங்களுக்கும் இதே நிலை ஏற்படுகிறது. ஆங்கிலேயர் காலத்துத் தோட்டங்கள் தம் தொழிற்சாலைகளை இயக்க ஓடைகளில் சிறு சுழலிகளை நிறுவியிருந்தன. தேசிய மின்தொகுதி வந்த பின் அவற்றில் பல கைவிடப்பட்டன. அவற்றின் வாய்க்கால்களும் தளங்களும் புதர் மண்டிய நிலையில் இன்றும் பல தோட்டங்களில் கிடக்கின்றன. அவற்றைத் திருத்தி, மிகுதி நேரங்களில் மட்டும் இயங்கும் சிறு மின்பகுப்பு நிலையங்களை அருகில் அமைத்தால், பவுசர் வராத நாளிலும் அம்புலன்ஸ் ஓடும். நீரைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு: ஒரு கிலோ ஐதரசனுக்கு வேதியியற்படி வேண்டியது 9 லீற்றர் தூய நீர்; சுத்திகரிப்பில் இழப்பதையும் சேர்த்தால் அதைவிடக் கூடும். லேயில் உள்ளதைப் போன்ற நாளொன்றுக்கு 80 கிலோ நிலையத்துக்கு, ஒரு தோட்டத் தொழிற்சாலையின் கூரையில் விழும் மழைநீரே போதும்.

நாட்டின் ஐதரசன் பேச்சுகளில் ஏற்றுமதி என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஐதரசனைக் கப்பலில் அனுப்ப வேண்டுமானால் அதை மறை 253 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்துத் திரவமாக்க வேண்டும், அல்லது அமோனியாவாக மாற்ற வேண்டும். இரண்டிலும் சக்தியில் பெரும்பங்கு இழக்கப்படுகிறது. நமது காற்றையும் நீரையும் வெயிலையும் இவ்வாறு இழப்புடன் வெளியே அனுப்பிவிட்டு, கிடைக்கும் டொலரில் டீசல் வாங்கி மலைக்கு ஏற்றுவது எந்தப் பொருளாதாரத்திலும் நியாயமாகாது. உள்நாட்டில் டீசலுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு கிலோவும் அந்த இழப்பைத் தவிர்க்கும்.

வான்வழி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஜனவரியில் சீரோஏவியா நிறுவனம் 19 ஆசனங்கள் கொண்ட டோர்னியர் 228 விமானத்தை ஒரு பக்கம் ஐதரசன் – மின் எஞ்சினுடன் இங்கிலாந்தில் பத்து நிமிடம் பறக்கவிட்டது. 2035ஐ இலக்காக அறிவித்திருந்த எயார்பஸ் நிறுவனம் அந்தக் காலக்கெடுவைத் தள்ளிப்போட்டுவிட்டது. ஆகவே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும் சுற்றுலா விமானங்களுக்கு ஐதரசன் என்று விளம்பரம் செய்து பொதுப்பணத்தைச் செலவிட வேண்டாம். எங்களுக்கு உடனடியாக வேண்டியது ட்ரோன். பற்றரி ட்ரோன்கள் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தரையிறங்க வேண்டியிருக்கின்றன. எரிபொருட் கல ட்ரோன்கள் இரண்டு மணித்தியாலம் வரை பறக்கின்றன. டித்வாவின்போது துண்டிக்கப்பட்ட தோட்டங்களில் இன்சுலினும் இரத்த அழுத்த மாத்திரையும் தீர்ந்துபோன முதியவர்கள் பல நாள் காத்திருந்தார்கள். ஹெலிகொப்டர்கள் உணவும் மருந்தும் கொண்டுவந்தன என்பதை நன்றியுடன் நினைக்கிறோம். ஆனால் ஒரு சில கிலோ மருந்துக்காக ஒவ்வொரு தோட்டப் பிரிவுக்கும் ஹெலிகொப்டர் வர முடியாது.

பாதுகாப்பைப் பற்றி எங்கள் மக்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஐதரசன் வளியைவிடப் பதினான்கு மடங்கு இலேசானது. கசிந்தால் மேலெழுந்து விரைவில் கலைந்துவிடும். அது அதன் நற்குணம். ஆனால் மணமில்லாதது, வளியில் 4 முதல் 75 சதவீதம் வரையான எந்த அளவிலும் தீப்பிடிக்கக்கூடியது, சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது. மேலெழும் வாயு கூரைக்குக் கீழும் சுரங்கத்தின் உச்சியிலும் தேங்கும். 2019 ஜூன் மாதம் நோர்வேயின் சான்ட்விக்காவில் ஒரு நிரப்பு நிலையம் வெடித்தது. உயரழுத்தத் தொட்டியொன்றின் மூடியில் ஆணிகள் சரியாக இறுக்கப்படாததே காரணம் என்று கண்டறியப்பட்டது. ஆணியை இறுக்குபவரின் பயிற்சியே இங்கே பாதுகாப்பு. அந்தப் பயிற்சியைப் பெற வேண்டியவர்கள் எங்கள் பிள்ளைகள். உயர்தரத்தில் தொழினுட்பவியல் படித்துவிட்டு, கொழும்பில் கடைச் சிப்பந்திகளாக நிற்கும் இளைஞர்களை நான் ஆண்டுதோறும் வழியனுப்புகிறேன். நிலையம் மலையில், வேலை வெளியாருக்கு, எச்சரிக்கைப் பலகை எங்களுக்கு விளங்காத மொழியில் என்ற நிலை ஏற்பட்டால், அணைகளின் காலத்தில் நடந்தது மீண்டும் நடக்கும்.

ஆகவே நான் கேட்பவை இவை. முதற்கட்டப் பரீட்சை வழித்தடங்களின் பட்டியல் இறுதியாக்கப்படுவதற்கு முன், அதில் மலையக நெடுந்தூர பஸ் வழித்தடம் ஒன்றாவது சேர்க்கப்பட வேண்டும். பதுளை – கொழும்பு அல்லது ஹட்டன் – கொழும்பு பொருத்தமானவை என்பது என் கருத்து. அதே பாதையில் ஒரு பற்றரி பஸ்ஸையும் ஒரு டீசல் பஸ்ஸையும் குறைந்தது ஓராண்டு சேர்த்து ஓட்டி, செலவு, பழுது, பிரேக் தேய்வு, எரிபொருள் அளவு ஆகியவற்றை மாதந்தோறும் மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். வாங்கும் எந்த வண்டியின் விவரக்குறிப்பிலும் நீண்ட இறக்கத்துக்குரிய தடுப்பு ஏற்பாடு கட்டாயமாக்கப்பட வேண்டும்.

நிலக்கரி மின்சாரத்தில் தயாரித்த ஐதரசனைச் சுத்தமானது என்று விற்பதைத் தடுக்கும் விதியொன்றை எழுத்தில் கொண்டுவாருங்கள். எந்த நேரத்தில் எந்த மூலத்திலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டது என்ற பதிவு அதில் வேண்டும். கைவிடப்பட்ட தோட்டச் சிறு நீர்மின்நிலையங்களைக் கணக்கெடுத்து, அவற்றில் ஒன்றை மின்பகுப்பு நிலையத்துடன் பரீட்சார்த்தமாக இயக்குங்கள். அதன் ஐதரசனுக்கு அம்புலன்சும் அனர்த்தகால ட்ரோனும் முதல் உரிமையாளர்களாக இருக்கட்டும். உள்நாட்டு டீசலை ஈடுசெய்யும் அளவு எட்டப்படும்வரை ஏற்றுமதி ஒப்பந்தம் எதிலும் மலையக நீர்மின்சாரத்தைச் சேர்க்காதீர்கள். மலைப் பாதையை மீளக் கட்டும் திட்டத்தில் ஐதரசன் நிரப்பு நிலையத்துக்கான நிலத்தை ஒதுக்குங்கள். சுரங்கங்களில் வாயுத் தேக்கம் பற்றிய ஆய்வை வண்டி வாங்கிய பின்னர் அல்லாமல் அதற்கு முன்னரே செய்யுங்கள். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பஸ் தரிப்பிடங்களில் காற்றின் தரத்தை அளக்கும் கருவிகளை இப்போதே வையுங்கள். மாற்றத்துக்கு முந்திய அளவு இல்லாவிட்டால் பிந்திய அளவுக்குப் பொருள் இராது.

மலையகத் தொழிற்பயிற்சி நிலையங்களில் உயரழுத்த வாயுவையும் எரிபொருட் கலத்தையும் கையாளும் பயிற்சியைத் தமிழ் மொழியில் தொடங்குங்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி; இத்திட்டத்தின் ஆவணங்கள் அனைத்தும் கருத்துக்கேட்பதற்கு முன்பே தமிழில் வெளிவர வேண்டும். அடுத்த கலந்துரையாடலை ஹட்டனில் நடத்துங்கள். தோட்டத் தொழிலாளர்கள், பஸ் சாரதிகள், நடத்துனர்கள், புகையிரத ஊழியர்கள், வைத்தியசாலைப் பணியாளர்கள் ஆகியோரை அழையுங்கள். எங்கள் பாதைகள் ஏன் ஒதுக்கப்பட்டன என்பதற்கான தொழினுட்பக் காரணங்களை, அவை உண்மையில் இருக்குமானால், அந்தக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் தாருங்கள்.

இம்மடலுக்கான பதிலைத் தனிப்பட்ட கடிதமாக எனக்கு அனுப்பாமல், எல்லோரும் வாசிக்கும்படி மும்மொழியிலும் பகிரங்கமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொறியியல் தொழினுட்பவியல் ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்